கவர்னர் மாளிகையில் ஆச்சிக்கு ஒரு விருந்து

நள்ளிரவு.

கடற்கரைக் குன்றின் மேல் ஒரு பெரிய மாளிகை. முன் வாசலில் சிப்பாய்கள் காவல் நிற்கிறார்கள்.

சற்றுத் தூரத்தில் ஒரு தோட்டம். தோட்டத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றில் இருந்து மாளிகைக்கு ஒரு சுரங்கப் பாதை!

அதன் வழியாக ஓர் இளம்பெண் வருகிறாள். மதுப் பீப்பாய்கள் வைத்திருக்கும் நிலவறைக்குள் வந்து மேலே ஏறுகிறாள்.

அவள் ஒரு நாட்டியக்காரி. அவளுக்காகக் காத்திருப்பவர் இலங்கையின் கவர்னர்!

கொழும்பு நகருக்குத் தெற்கே உள்ள கல்கிசையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை இது.

அந்த மாளிகை இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே கவர்னர் இல்லை. அது இப்போது ஓர் ஓட்டல். பெயர், மவுண்ட் லவீனியா ஓட்டல். கையில் காசு உள்ள யாரும் முன் வாசல் வழியாக உள்ளே போகலாம். மேசை முன் உட்கார்ந்து வெள்ளைக்காரர் சாப்பாடு சாப்பிடலாம்.

வாசுதேவநல்லூரில் இருந்து ஒரு குடும்பம் அங்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஆச்சி. ஆக ஐந்து பேர்.

"எனக்கு எதுக்குய்யா வெள்ளைக்காரன் சாப்பாடு? கத்தியும் முள்ளும் பிடிச்சுத் திங்க எனக்குத் தெரியுமா? நீங்க போயிட்டு வாங்க. நான் அறையிலேயே இருந்துக்கிடுதேன்" என்று ஆச்சி தயங்குகிறார்.

ஆச்சி தயங்கவே கூடாது. மற்ற நான்கு பேரையும்விட ஆச்சிதான் அங்கே போக வேண்டியவர். ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் மாளிகையின் கதை.

கவர்னரும் நாட்டியக்காரியும்

கவர்னரின் பெயர் தாமஸ் மெயிட்லண்ட். ஸ்காட்லாந்துக்காரர். 1805-ம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். திருமணம் ஆகாதவர்.

அது எப்படிப்பட்ட காலம்? வாசுதேவநல்லூர்க் கோட்டையைக் காக்கப் பூலித்தேவர் கம்பெனிப் படையோடு மோதியது, 1760-ம் ஆண்டை ஒட்டிய காலம். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799-ல். அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து மெயிட்லண்ட் கொழும்பில் வந்து இறங்கினார். இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் வெள்ளைக்காரர் கை ஓங்கி நின்ற நேரம் அது.

புதிய கவர்னருக்கு வரவேற்பு விருந்து நடந்தது. அதில் நாட்டியம் ஆடிய பெண்ணின் பெயர் லொவினா அபொன்சுவா. போர்த்துக்கீசிய ரத்தமும் சிங்கள ரத்தமும் கலந்த குடும்பத்தில் பிறந்தவள். அவளைப் பார்த்த கவர்னர் மனத்தைப் பறிகொடுத்தார்.

1806-ம் ஆண்டு கல்கிசைக் கடற்கரையில் கவர்னர் தனக்கென ஒரு வீடு கட்டினார். லொவினாவின் தந்தை வீட்டுக் கிணற்றுக்கும், இந்த வீட்டின் நிலவறைக்கும் இடையே சுரங்கம் வெட்டப்பட்டதாம்.

ஏன் சுரங்கம்? கவர்னர், ஓர் ஏழை நாட்டியக்காரியை முன் வாசல் வழியாக அழைத்து வந்தால் வெள்ளைக்காரச் சமூகம் சும்மா இருக்குமா? நாட்டையே ஆண்டவர் அவர். ஆனால் தன் வீட்டு வாசலை ஆள அவரால் முடியவில்லை!

1811-ல் மெயிட்லண்ட் இலங்கையை விட்டுப் போனார். பிறகு மால்ட்டா தீவின் கவர்னர் ஆனார். 1824-ல் அங்கேயே இறந்தார். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

உண்மை எது? கதை எது?

கவர்னர் உண்மை. மாளிகை உண்மை. ஆண்டுகளும் உண்மை.

காதலும் சுரங்கமும் செவிவழிக் கதைகள். சுரங்கத்தை 1920-ம் ஆண்டு வாக்கில் அடைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

மவுண்ட் லவீனியா என்ற பெயர் லொவினாவின் பெயரில் இருந்து வந்தது என்பது ஊரார் நம்பிக்கை. அப்படி அல்ல, 'லிஹினியா' என்ற பறவையின் சிங்களப் பெயரில் இருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று ஏட்டில் பதிவான உண்மை. யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்து வழக்கங்களுக்குத் தேசவழமை என்று பெயர். மாளிகை கட்டிய அதே 1806-ம் ஆண்டில்தான் மெயிட்லண்டின் அரசு அதைச் சட்டமாக ஏற்றது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர்கள் மீது போட்டிருந்த தடைகளையும் அதே ஆண்டில் நீக்கியது.

கதை உண்மை என்றால், ஊருக்கெல்லாம் வாசல் திறந்துவிட்ட மனிதர், தன் மனத்துக்குப் பிடித்தவளுக்குத் திறக்க முடியாமல் போய்விட்டார்!

மாளிகை ஓட்டல் ஆனது

மெயிட்லண்டுக்குப் பிறகு வந்த கவர்னர்களில் எட்வர்டு பார்ன்ஸ் என்பவர் முக்கியமானவர். அவர் அந்த வீட்டைப் பெரிதாக்கி, ராஜ மாளிகைபோல் ஆக்கினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்.

1842-ல் அரசு மாளிகையை விற்றுவிட்டது. 1877-ல் அது ஓட்டல் ஆனது. கொழும்பில் இருந்து கடலோரமாகப் போடப்பட்ட ரெயில் பாதை, விருந்தாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

சினிமா ரசிகர்களுக்கு ஒரு செய்தி. 1957-ல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. அதில் வரும் ராணுவ ஆஸ்பத்திரி, இந்த ஓட்டல்தான்!

போகும் வழி

அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். 1914-ல் இருந்து தனுஷ்கோடி வரை ரெயிலில் போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் போகும் வழியும் இருந்தது. 1964-ம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது.

இப்போது மதுரையில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. பாஸ்போர்ட் வேண்டும். இலங்கைக்குள் நுழைய அனுமதியும் வாங்க வேண்டும்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரெயில் ஏறினால், வலப்பக்கம் கடல் கூடவே வரும். சுமார் 12 கிலோமீட்டர் பயணம். இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி. அதனால் நிலையப் பலகையில் 'கல்கிசை' என்று தமிழிலும் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகூட இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

வாசலில் நிற்கும் பெண்

ஓட்டல் வாசலில், வெள்ளைக்காரத் துரைமார் அணிந்த தொப்பியோடு வாயில்காப்போர் நிற்பார்கள். அவர்கள் தடுப்பவர்கள் அல்ல. வணங்கி வரவேற்பவர்கள்.

உள்ளே நுழையும் இடத்தில் ஒரு நீரூற்று. நீரூற்றின் நடுவே ஒரு பெண் சிலை. அவள்தான் லொவினா!

அன்று சுரங்கத்தில் ஒளிந்து வந்தவள், இன்று முன் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிறாள்.

மேல்மாடத்துக்குப் போனால் மூன்று பக்கமும் கடல். வடக்கே கொழும்பு நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். சூரியன் கடலில் இறங்கும் நேரத்துக்குப் போவது நல்லது. பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியே பாதி விருந்து.

கத்தி எந்தக் கை? முள் எந்தக் கை?

மேசை முன் உட்கார்ந்ததும் ஆச்சிக்குக் கை உதறும். தட்டைச் சுற்றி அத்தனை கத்தி, கரண்டி!

இதில் ஒரு மந்திரமும் இல்லை. நம் வீட்டு இலையில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது அல்லவா? அதுபோல அவர்களுக்கும் ஒரு முறை. அவ்வளவுதான்.

மேசையில் மடித்து வைத்திருக்கும் துணியை எடுத்து மடியில் விரித்துக்கொள்ள வேண்டும். வாய் துடைக்க அதுதான்.

முள்கரண்டி இடக்கையில். கத்தி வலக்கையில். கத்தியால் வெட்ட வேண்டும், வாயில் வைக்கக் கூடாது.

எதை முதலில் எடுப்பது? தட்டுக்கு வெளியே தள்ளி இருப்பதை முதலில். ஒவ்வோர் உணவாக வரவர, உள்ளே உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம்.

இன்னும் சாப்பிடுவதாக இருந்தால், கத்தியையும் முள்ளையும் தட்டின் மேல் விலக்கி வைக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துவிட்டால், இரண்டையும் சேர்த்து ஒன்றாக வைக்க வேண்டும். நாம் இலையை மூடுகிறோமே, அதுபோல! பரிமாறுகிறவர் பார்த்துப் புரிந்துகொள்வார்.

சூப் குடிக்கும்போது சத்தம் வரக் கூடாது. தட்டைக் கையில் தூக்கக் கூடாது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

தவறிக் கரண்டி கீழே விழுந்தால்? குனிந்து எடுக்க வேண்டாம். வேறு கொண்டுவந்து தருவார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாள் தவறாமல் எங்காவது ஒரு கரண்டி விழுந்துகொண்டுதான் இருக்கும்.

முள் வசப்படவில்லை என்றால் ஆச்சி கரண்டியால் சாப்பிடலாம். ரொட்டியை எல்லோரும் கையால்தான் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். இலங்கையிலும் சோறும் கறியும் என்றால் கைதான்.

பட்டியலில் நம் சொற்கள்

உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். அதிலே நம் உறவினர்கள் ஒளிந்திருக்கிறார்கள்!

ஆங்கில உணவுப் பட்டியல்களில் 'மல்லிகட்டானி' என்ற ஒரு சூப் உண்டு. பெயரைப் பிரித்துப் பாருங்கள். மிளகுத்தண்ணி! நம் வீட்டு ரசம் குடித்துப் பழகிய வெள்ளைக்காரர்கள், அதில் இறைச்சியும் காய்கறியும் போட்டுச் சூப் ஆக்கிவிட்டார்கள். 'கறி' என்ற சொல்லும் நம்முடையதே. சாப்பாட்டுக்குப் பின் துரைமார் புகைத்த 'செரூட்', நம் சுருட்டு. கடலில் மிதக்கும் 'கட்டமரான்', நம் கட்டுமரம்.

கடைசியில் வரும் புடிங் என்ற இனிப்பில் ஜாதிக்காய் மணக்கும். ஜாதிக்காய், கிராம்பு என்றால் வெள்ளைக்காரருக்கு உயிர். அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் நம் குற்றாலத்திலேயே ஜாதிக்காய்த் தோட்டமும் கிராம்புத் தோட்டமும் போட்டார்கள்.

அதனால், வெள்ளைக்காரர் சாப்பாடு நமக்கு முழுக்க முழுக்க அயல் சாப்பாடு அல்ல.

சாப்பாடு இரண்டு வகையில் கிடைக்கும். பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்பது ஒரு வகை. கேட்டதற்கு மட்டும் பணம். இன்னொரு வகை 'பபே'. எல்லாம் வரிசையாக வைத்திருக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை போகிறவர்களுக்குப் பபே நல்லது. கண்ணால் பார்த்து எடுக்கலாம். ஆனால் சிறிது சிறிதாக எடுங்கள். தட்டில் மீதம் வைப்பது எந்த நாட்டிலும் மரியாதை அல்ல.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும், இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். கேக்கில் முட்டை இருக்கும். ஆடி அசையும் ஜெல்லி, மாட்டு எலும்பில் இருந்தோ தோலில் இருந்தோ எடுத்த பசையால் செய்ததாக இருக்கலாம். கேட்டால் சொல்வார்கள். கேட்பது குறை அல்ல.

பாருக்குப் போகலாமா?

கடலைப் பார்த்தபடி மதுக்கூடமும் உண்டு. 'பார்' என்றதும் அம்மா முகம் சுளிக்கக்கூடும்.

அங்கே மது மட்டும் விற்பது இல்லை. பழச்சாறு, எலுமிச்சைச் சாறு எல்லாம் கிடைக்கும். இலங்கையில் 'ஜிஞ்சர் பியர்' என்று ஒரு பானம் பெயர் பெற்றது. பெயரில்தான் பியர் இருக்கிறது. சரக்கு இஞ்சி. அதில் போதை கிடையாது. பிள்ளைகளே குடிக்கலாம்.

21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்பது இலங்கைச் சட்டப்படி குற்றம். பௌர்ணமி தோறும் 'போயா' என்ற புத்த விடுமுறை. அன்று நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது. எவ்வளவு பெரிய ஓட்டலாக இருந்தாலும் பார் மூடித்தான் இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. குடும்பம் மேசையிலும் நீங்கள் மதுக்கூடத்திலும் என்று பிரிந்துவிட்டால், அது குடும்ப விருந்து அல்ல. மதுவின் விலை, சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடும். அந்தக் காசில் பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் விருந்து வைக்கலாம்.

பில் வரும்போது

பட்டியலில் போட்டிருக்கும் விலையோடு கணக்கு முடிந்துவிடாது. சேவைக் கட்டணமும் அரசாங்க வரியும் அதன் மேல் சேரும். புட்டியில் வரும் தண்ணீருக்கும் காசு உண்டு.

ஆகவே, சாப்பிடும் முன்பே, "எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கட்டணம் குறைவா என்றும் கேளுங்கள். பணம் கொடுக்கிறவர் கேட்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

சாப்பாடு அதிகச் செலவு என்று தோன்றினால், மாலையில் போய்த் தேநீரும் கேக்கும் மட்டும் சாப்பிட்டு வரலாம். மாளிகை அதேதான். கடலும் அதேதான்.

ஒரு கோப்பைத் தேநீர்

விருந்தின் முடிவில் தேநீர் வரும். மெல்லிய பீங்கான் கோப்பையில், ஆவி பறக்க வரும்.

இங்கேதான் எட்வர்டு பார்ன்ஸ் மறுபடியும் வருகிறார்.

1820-களில் கொழும்பில் இருந்து கண்டிக்குப் பெரிய சாலை போட்டவர் அவர். மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை ஊக்குவித்தவரும் அவர்தான். அவரே காப்பித் தோட்டம் போட்டார்.

தோட்டத்தில் உழைக்க ஆள் வேண்டுமே? தமிழ்நாட்டில் இருந்து ஏழை மக்களை அழைத்துப் போனார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று பல சீமைகளில் இருந்து போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம்.

1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரா என்ற இடத்தில் தேயிலைத் தோட்டம் போட்டார். 1869-ல் காப்பிச் செடியில் ஒரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கொழுந்து பறித்த கைகள் மட்டும் மாறவில்லை. அவை தமிழ்ப் பெண்களின் கைகள்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மக்களைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தார்கள்! இலங்கையில் மீதி இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

நம் கதையில் வரும் ஆச்சி, அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில். அவருடைய அம்மா முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்தவர். தோட்டத்து மேட்டில் துரை பங்களா இருந்தது. அதன் முன் வாசலை ஆச்சி மிதித்ததே இல்லை. குசினிப் பக்கம் ஏதாவது கொடுக்கப் போனால், பின் வாசலோடு சரி. பறித்த கொழுந்தில் நல்ல தூள் கப்பல் ஏறிப் போய்விடும். கடைசித் தூள்தான் லயத்துக்கு வரும்.

அந்த ஆச்சிதான் இப்போது கவர்னர் மாளிகையின் மேசை முன் உட்கார்ந்திருக்கிறார்.

பரிமாறுகிறவர் குனிந்து, மரியாதையாகக் கோப்பையை அவர் முன் வைக்கிறார். ஆச்சி தேநீரைச் சாசரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடிக்கிறார்.

"ஆச்சி, இங்கெல்லாம் அப்படிக் குடிக்கக் கூடாது" என்று பேத்தி காதோடு சொல்கிறாள்.

"இருக்கட்டும்ளா" என்கிறார் ஆச்சி. "எங்க அம்மை பறிச்ச கொழுந்து. நான் எப்படியும் குடிப்பேன்."

குடிக்கட்டும். அந்த மாளிகையில் கத்தி, கரண்டி பிடிக்கும் முறை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தேநீரைக் குடிக்க ஆச்சியைவிட உரிமை உள்ளவர் யார்?

பில் கொடுத்தாகிவிட்டது. ஐந்து பேரும் எழுகிறார்கள். நீரூற்றில் நிற்கும் லொவினாவைத் தாண்டி, முன் வாசல் வழியாகவே வெளியே வருகிறார்கள்.